இதீனி

மங்கம்மா கரண்டியை அண்டாவின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அந்தப் பொண்ணு பத்து நாளா தின்னலீங்க சார்."

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஐம்பத்தேழாம் வருஷம், ஆடி மாதம். ஊர்ப் பெரியவர்கள் கொடுத்த ராகியில் களி, அவரைக்கொட்டை போட்ட குழம்பு. மங்கம்மாதான் சமைப்பவள். பிள்ளைகள் சுவர் ஓரமாக இரண்டு வரிசையில் உட்கார்ந்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்று தட்டில் புழுதியைக் கொண்டுவந்து போடும் என்பதால் ஒவ்வொருத்தரும் முதுகை வளைத்துத் தட்டை மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

"அதாங்க, தீனி" என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நஞ்சம்மாங்க. கரியப்பன் மவ."

சமையல்காரி வரைக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.

கிணற்றுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நஞ்சம்மா தட்டை மடியில் கவிழ்த்துவைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. முழங்கால் இரண்டும் சாம்பல் பூத்திருந்தன. நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவ வரும் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்தாள். கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்று, ஒரு பிடி சாம்பலை எடுத்து, எதுவுமே விழாத அந்தத் தட்டைத் தேய் தேய் என்று தேய்த்தாள். கழுவினாள். மற்றவர்கள் போலவே பாவாடையில் துடைத்தாள். பத்து நாளாக இந்த நாடகம் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என் மேசையிலிருந்து அந்தக் கிணறு இருபது தப்படி.

கதையை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம். கிருஷ்ணகிரியில் ஆசிரியப் பயிற்சி முடித்து, இருபத்திரண்டாம் வயதில் முதல் வேலையாக இந்த ஊருக்கு வந்தேன். ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே மூன்று மைல் நடக்கவேண்டும். இங்கே வீட்டில் ஒரு மொழி, வயலில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி. தெலுங்கில் திட்டிவிட்டுக் கன்னடத்தில் சமாதானம் சொல்லுவார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஆள் ஊரிலேயே நான் ஒருத்தன்தான். அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு. வந்த புதிதில் பிள்ளைகள் என்னைக் கண்டு மிரண்டார்கள். பிரம்பை எடுக்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் வேடிக்கை பேசி அவர்களை மடக்கிவிடலாம் என்று நினைத்தேன். பேச்சுக்குப் பேச்சு ஒரு கிண்டல். சும்மா சொல்லக்கூடாது, ஒரே வாரத்தில் வகுப்பு என் பக்கம் வந்துவிட்டது.

ஆனி கடைசியில் நஞ்சம்மாவைச் சேர்த்தார்கள். அவள் அப்பன் கரியப்பன் ஆனேக்கல் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, தீர்த்தகிரியின் பண்ணையில் வேலைக்கு இருந்தான். தீர்த்தகிரி என்றால் ஊரில் பாதி நிலம். மதியச் சாப்பாட்டுக்கு ராகி மூட்டை அவர் வீட்டிலிருந்துதான் பெரும்பாலும் வரும். நான் இதை எழுதும்போதுகூட அவரை 'அவர்' என்றும் இவனை 'அவன்' என்றும்தான் கை எழுதுகிறது. எழுதட்டும். அன்றைக்கு நான் எப்படி இருந்தேனோ அப்படித்தான் இதுவும் இருக்கவேண்டும்.

நஞ்சம்மா வந்த முதல் நாள் ஆஜர்ப் பட்டியலில் கடைசியாக அவள் பெயரை வாசித்தேன். எல்லாரும் "உள்ளேன் ஐயா" என்று சொல்லி முடித்திருந்தார்கள். அவள் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, நல்ல கணீரென்ற குரலில், "இதீனி சார்" என்றாள்.

"என்னாது, தீனியா? வந்ததும் வராததுமா தீனியா? இன்னும் மத்தியான மணியே அடிக்கலியேம்மா" என்றேன்.

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். பிள்ளைகள் உடனே சிரிக்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். முதல் பெஞ்சில் இருந்த சம்பங்கி வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் சிரித்தது. ஜோக்கு புரிய இவர்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன். மடையன். அதற்கப்புறம் அந்தப் பெண் வாயைத் திறந்து ஆஜர் சொல்லவே இல்லை, கையை மட்டும் தூக்குவாள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது தட்டுக் கழுவிவிட்டு வந்தவளை நிறுத்தி, "ஏம்மா சாப்பிடல?" என்று கேட்டேன்.

"அசிவில்ல சார்" என்றாள் தரையைப் பார்த்து.

நான் மங்கம்மாவைப் பார்த்தேன். "பசிக்கலியாங்க" என்றாள் மங்கம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையில அப்பனும் ஆத்தாளும் இருட்டோட பண்ணைக்குப் போயிடறாங்க சார். ஊட்ல ஒண்ணும் இருக்காது. இங்க துன்னாத்தான் அதுக்கு வவுத்துக்கு" என்றாள்.

பெண்ணை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, எனக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஒரு மாதம் கழித்து. "மங்கம்மா, இதீனின்னா என்னா?"

"இருக்கேன்னு அர்த்தங்க. இங்கதான் இருக்கேன்னு சொல்றது."

அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை எழுந்து நின்று மரியாதையாக, நான் இருக்கிறேன் ஐயா என்று சொல்லியிருக்கிறது. நான் அதைத் தின்னிப்பண்டாரம் ஆக்கி வைத்திருக்கிறேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதுவும் பெரும்பாலும் தப்பான ஆள்மேல்தான் வரும். மறுநாள் காலை வகுப்பை எழுப்பி நிற்கவைத்து ஒரு பிரசங்கமே செய்தேன். இதீனி என்றால் இருக்கிறேன் என்று அர்த்தம், அது ஒரு நல்ல கன்னடச் சொல், சார் தெரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டேன், இனிமேல் யாரும் அப்படிக் கூப்பிடக்கூடாது என்றேன். நான் தப்பு என்று ஒப்புக்கொண்டால் பிள்ளைகள் அசந்துபோவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தரும் அசரவில்லை.

"தெரியும் சார்" என்றாள் சம்பங்கி.

"என்னா தெரியும்?"

"இதீனின்னா இருக்கேன்னு. எங்க எல்லாத்துக்கும் தெரியும் சார்."

"அப்பறம் எதுக்கு சிரிச்சீங்க?"

"நீங்கதான சார் மொதல்ல சிரிச்சீங்க" என்றாள். குத்திக்காட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

நாற்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. வகுப்பில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாத ஒரே ஆள் நான்தான். அன்றைக்கு அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது ஜோக்கு புரியாமல் இல்லை. இதற்குச் சிரிக்கலாமா, இந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்க அனுமதி உண்டா என்று பார்த்திருக்கிறார்கள். வாத்தியார் உண்டு என்று சொல்லியிருக்கிறார்.

சம்பங்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். தீர்த்தகிரியின் மகள். பத்து வயது, வகுப்பில் முதல், கணக்கில் கெட்டி. கரும்பலகையைத் துடைப்பவளும் அவள்தான், எனக்குத் தண்ணீர் கொண்டுவருபவளும் அவள்தான். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். கெட்ட பெண் இல்லை. தன் வெல்லக்கட்டியில் பாதியை உடைத்து நஞ்சம்மாவுக்குக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். கொடுத்துவிட்டு, "இந்தா, தீனி" என்றாள். சாப்பாட்டு வரிசையில் நஞ்சம்மாவின் முறை வரும்போது, "நல்லாப் போடு மங்கம்மா, எங்க ஊட்டு ராகிதானே, எவ்ளோ வேணா தின்னட்டும்" என்பாளாம். அதிலிருந்துதான் நஞ்சம்மா வரிசைக்கு வருவதை நிறுத்தினாள் என்று மங்கம்மா சொன்னாள். அதில் அடிப்பதற்கு என்ன இருக்கிறது? அன்பாகத்தானே சொல்லியிருக்கிறாள்.

ஆனாலும் பிரம்பை எடுத்தேன். எடுக்கமாட்டேன் என்று சொன்னவன். அந்தப் பெயரைச் சொன்னால் அடி என்று சட்டம் போட்டேன். முதல் நாளே முனிவேலும் ஆஞ்சப்பனும் மாட்டினார்கள், ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். சம்பங்கி வாயிலிருந்தும் அன்றைக்கு அந்தப் பெயர் வந்தது. என் காதில் விழுந்தது. நான் விழாத மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளைகள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அதற்கப்புறம் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. மென்றார்கள். களி தின்கிற ஊரில் யாரும் மெல்லுவது கிடையாது. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான். தீனியை அசைபோடுவது மாடு. நான் நஞ்சம்மா என்று வாசித்ததும் நாற்பது தாடைகளும் சத்தமில்லாமல் இடமும் வலமும் அசையும். நான் நிமிர்ந்தால் நின்றுவிடும். குனிந்தால் மறுபடியும். எவனைப் பிடித்து எதற்கு அடிப்பது? "ஏன்டா மெல்ற?" என்று ஒருத்தனைக் கேட்டேன். "பல்லு ஆடுது சார்" என்றான். நிஜமாகவே ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. நஞ்சம்மா நேராகக் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கன்னம் வற்றிக்கொண்டே வந்தது. ஒரு நாள் வாய்ப்பாடு சொல்லும்போது அப்படியே சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். மங்கம்மா ஓடிவந்து வெல்லத் தண்ணீர் கொடுத்து எழுப்பினாள். இப்படியே போனால் ஒன்று அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடும், இல்லை என் கண்முன்னாலேயே படுத்துவிடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

தலைமை ஆசிரியர் கிருஷ்ணப்பனிடம் போனேன். முப்பது வருஷமாக இந்தப் பக்கத்திலேயே வேலை பார்ப்பவர். வெற்றிலையை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "விட்டுடுங்க மாதப்பன். பேருதானே. இன்னொருத்தனுக்கு இன்னொரு பேரு வந்தா இத மறந்துடுவாங்க" என்றார்.

"அதுக்குள்ள அந்தப் பொண்ணு செத்துடும் சார். ரெண்டு பேரோட அப்பாவையும் கூப்பிட்டுப் பேசலாம்னு இருக்கேன்."

அவர் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "யாரை வேணாலும் கூப்பிடுங்க. ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா மட்டும் நிக்க வெக்காதீங்க."

எனக்கு எரிச்சலாக இருந்தது. பெற்றோரும் ஆசிரியரும் ஓரிடத்தில் கூடிப் பேசினால் தீராத குறை எதுவும் இல்லை என்று பயிற்சிப் பள்ளிப் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதி, நல்ல மார்க்கு வாங்கியவன் நான். இந்த மனிதர் பண்ணைக்காரருக்குப் பயப்படுகிறார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, இரண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே நேரம் சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை மதியம் வந்தார்கள். தீர்த்தகிரி சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, சிரித்த முகம், "என்னா வாத்தியாரே, எங்க சம்பங்கி ஏதாவது வால்தனம் பண்ணிச்சா?" என்றார். கரியப்பன் வயலிலிருந்து அப்படியே வந்திருந்தான். முழங்கால் வரை சேறு. தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றான்.

"உள்ள வாங்க கரியப்பன்" என்றேன்.

தீர்த்தகிரியின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. கரியப்பன் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தான். "இல்லி இருக்கட்டும் மேஷ்ட்ரே, காலு சேறு" என்று அங்கேயே நின்றான். நான் விடாமல் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவன் ஒரு அடி பின்னால் போனான். அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

பேசினேன். முந்தின நாளே யோசித்து வைத்திருந்ததை அழகான தமிழில் கோர்வையாகப் பேசினேன். தவறு முதலில் என்னுடையது என்றேன். குழந்தைகள் மனசு, அவமானம், சாப்பாடு, படிப்பு, எல்லாம் சொன்னேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை, இரண்டு வீட்டிலும் பிள்ளைகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும் என்றேன். பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். தீர்த்தகிரி பொறுமையாகக் கேட்டார். கரியப்பன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினான். கடைசியில்தான் தெரிந்தது, அவனுக்கு நான் பேசியதில் பாதிக்கு மேல் புரியவில்லை.

தீர்த்தகிரி அவன் பக்கம் திரும்பினார். உதவி செய்கிறவர் மாதிரிதான் திரும்பினார். நான் பத்து நிமிஷம் பேசியதை ஒரே வரியில் கன்னடத்தில் சொல்லி முடித்தார்.

"ஏ கரியா, நின் மகளு நம்மனே ராகி தின்னல்வந்தே."

இதற்குள் எனக்கும் அந்த அளவு புரியும். உன் பெண் நம் வீட்டு ராகியைத் தின்னமாட்டாளாம். "அது இல்லீங்க, நான் சொல்ல வந்தது" என்று குறுக்கே புகுந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கரியப்பனின் முகம் வெளுத்துவிட்டது. பண்ணைக்காரர் வீட்டு ராகியை ஆளின் மகள் வேண்டாம் என்கிறாள். ஊர் விட்டு வந்தவனுக்கு இருக்கக் குடிசை கொடுத்த வீடு அது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான், அவரை ஒரு முறை, என்னை ஒரு முறை. பிறகு வாசற்படி, சேறு எதையும் பார்க்காமல் உள்ளே வந்து, நான் பெஞ்சில் உட்கார வைத்திருந்த நஞ்சம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவ்வளவு நேரம் உள்ளே வராதவன்.

மங்கம்மாவிடம் தட்டு வாங்கி, களி போடச் சொல்லி, திரும்ப உள்ளே கூட்டிவந்து, நாங்கள் இருந்த இடத்துக்கு நேர் எதிரே, தீர்த்தகிரியின் கண்பார்வையில் மகளை உட்கார வைத்தான். "தின்னு" என்றான். தமிழிலும் அதுதான், கன்னடத்திலும் அதுதான். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் "கரியப்பன், வேணாம், விட்டுடுங்க" என்றேன். அவன் அவள் முதுகில் ஒன்று வைத்தான். அவள் ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டாள். இருபது நாளுக்கு மேல் காய்ந்த தொண்டை, விழுங்க முடியவில்லை. அதனால் மென்றாள். களியை மென்றாள். கன்னம் ஒரு பக்கம் உப்பி, கண்ணில் நீர் வழிய, இடமும் வலமுமாக மெதுவாக மென்றாள். ஜன்னலில் பார்த்தேன், கம்பிக்குக் கம்பி ஒரு முகம். மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு எல்லாம் அங்கே இருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவா, மெதுவா. தண்ணி குடுங்க வாத்தியாரே" என்றார் தீர்த்தகிரி. நல்ல மனிதர். அவருக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், அதைத்தான் செய்தேன். தட்டுக் காலியாகும் வரை இருந்துவிட்டு அவர் எழுந்தார். "சின்னப் பசங்க சமாச்சாரம், நாம எதுக்கு பெருசு பண்ணணும்" என்று என் தோளைத் தட்டினார். போகும்போது நஞ்சம்மாவின் தலையை வருடி, "நல்லாத் தின்னு தீனி, நம்ம ஊட்ல ராகிக்கா பஞ்சம்" என்றார்.

கரியப்பன் மட்டும் கொஞ்சம் நின்றான். "தப்பாயிட்டுது மேஷ்ட்ரே. இன்மேலு தின்னுவா" என்று என்னைக் கும்பிட்டுவிட்டு வயலுக்குப் போனான். வாசற்படியிலிருந்து பெஞ்சு வரைக்கும் அவன் காலடிச் சேறு இருந்தது. சம்பங்கி யாரும் சொல்லாமலே ஈரத்துணி கொண்டுவந்து அதைத் துடைத்தாள்.

நஞ்சம்மா அதற்கப்புறம் ஒரு நாளும் சாப்பாட்டை விடவில்லை. மணி அடித்ததும் வரிசையில் முதல் ஆளாக வந்து நிற்பாள். தட்டை நீட்டி, "இன்னொண்ணு" என்பாள். தமிழ் நன்றாக வந்துவிட்டது. கொஞ்ச நாளில் பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். என்ன வேடிக்கை என்று எட்டிப் பார்த்தேன். களியை வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, மாடு மாதிரி அசைபோட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தீனி, இன்னொருவாட்டி, தீனி" என்று கெஞ்சினார்கள். அவளும் சிரித்தாள். சம்பங்கி அவளைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். நான் நஞ்சம்மா என்று வாசித்தால் அவள் சும்மா இருப்பாள், பக்கத்தில் இருப்பவர்கள் இடித்து, "ஏய், உன்னத்தான்" என்பார்கள். தீனி என்றால் பட்டென்று திரும்புவாள்.

"பாத்தீங்களா, சரியாப் போச்சு" என்றார் கிருஷ்ணப்பன். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மங்கம்மாவுக்கும் சந்தோஷம், பெண் உடம்பு தேறிவிட்டதாம். பிள்ளைகளிடம் இனிமேல் தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. யாரும் யாரையும் அழவைக்கவில்லை. எல்லாருக்கும் திருப்தியாக முடிந்துபோன ஒரு விஷயத்தை நான் மட்டும் நோண்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் மங்கம்மாவிடம் உட்கார்ந்து கன்னடம் கற்றுக்கொண்டேன். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை, ஒரு வாக்கியம். தப்பு நன்னது. தப்பு என்னுடையது. அவளைத் தனியாகப் பார்த்து, அவள் பாஷையில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி அதைச் சொல்லிவிட்டால் ஏதாவது ஒன்று அவளுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நம்பினேன். ஏதோ ஒன்று. என்னவென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை, எப்போதும் அவளைச் சுற்றிக் கூட்டம்.

ஐப்பசியில் ஒரு நாள் ராயக்கோட்டைச் சந்தைக்குப் போயிருந்தேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தக்காளிக் கூடைகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். "ஏ தீனியப்பா, இந்தப் பக்கம் இறக்கு" என்று வண்டிக்காரன் கத்தினான். கரியப்பன் "பந்தே பந்தே" என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான். கூப்பிட்டதில் அவனுக்கு ஒன்றும் கோபம் இல்லை. பண்ணையில் எல்லாரும் இப்போது அப்படித்தான் கூப்பிடுவார்கள் போல. வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில், நசுங்கிய பழங்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டு நஞ்சம்மா உட்கார்ந்திருந்தாள். தனியாக. வகுப்புப் பிள்ளைகள் ஒருத்தரும் பக்கத்தில் இல்லை.

போய் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "நஞ்சம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து, நான் என்று தெரிந்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். நான் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். "தப்பு நன்னது."

அவள் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். சொன்னது புரிந்திருக்கும், அவளுடைய பாஷைதானே. ஆனால் வாத்தியார் இப்படி முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு கன்னங்களையும் உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டி, வெறும் வாயை மெல்ல ஆரம்பித்தாள்.

"வேணாம்மா" என்றேன். "பேடம்மா, பேடா."

சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துவிட்டாள் போல. தாடையை இன்னும் அகலமாக, இன்னும் மெதுவாக அசைத்தாள். நடுவில் ஒரு முறை கழுத்தை வளைத்து, மாடு ஈ ஓட்டுகிற மாதிரி தலையை ஆட்டினாள். அது புதிது, நான் பார்த்ததில்லை. கரியப்பன் கூடையை இறக்கிவிட்டு வந்து நின்று, "நோடி மேஷ்ட்ரே, எப்பிடி பண்றா" என்று பெருமையாகச் சிரித்தான். வண்டிக்காரன் சிரித்தான். தராசுக்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். அவள் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு மென்றாள். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. கன்னம் வலித்திருக்கவேண்டும், உதட்டோரம் நடுங்கியது, ஆனாலும் விடவில்லை.

நான் சிரித்த பிறகுதான் நிறுத்தினாள்.